களத்துக் கணக்கு

(கூத்தாநல்லூரில் ஒரு மாலைக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



இன்று காலை உங்கள் ஊரில் வந்து இறங்கியபோது கூட்டத்துக்கு இன்னும் நெடுநேரம் இருந்தபடியால், கடைத்தெருவில் ஒரு தேநீர்க் கடையின் பெஞ்சில் உட்கார்ந்தேன். தோளில் துண்டும் கெண்டைக்காலில் உலராத வயற்சேறுமாக ஒரு முதியவர் என் பக்கத்தில் வந்து அமர்ந்து, எதிரே பத்திரிகை விரித்திருந்த பையனைப் பார்த்து, "தம்பி, மேட்டூர் எவ்வளவு போட்டிருக்கான்?" என்று கேட்டார். பையன் பத்திரிகையைப் புரட்டி அந்த எண்ணைச் சொல்லிவிட்டு, உடனே விளையாட்டுப் பக்கத்துக்குத் தாவி, தன் தோழனிடம், "ஸ்கோர் பார்த்தியாடா?" என்றான். இரண்டு கேள்விகளும் இரண்டு விநாடியில் தீர்ந்துவிட்டன. தேநீர் ஆறுவதற்குள் எனக்கு இன்றைய பிரசங்கத்தின் பொருள் கிடைத்துவிட்டது.

மேட்டூர் அணையின் முழு நீர்மட்டமான 120 அடியில் தண்ணீர் எத்தனை அடிக்கு நிற்கிறது என்பதைப் பொறுத்தே ஜூன் 12-ஆம் தேதி அணை திறப்பதும், திறந்த தண்ணீர் கல்லணையில் வெண்ணாற்றுக்குத் திரும்பி, நீடாமங்கலத்துக்கு அருகே மூணாறு தலைப்பில் வெண்ணாறு, கோரையாறு, பாமணியாறு என்று பங்கிடப்பட்டு, கடைமடை வயலை எட்டுவதும் ஆகையால், எழுத்தறியாத குடியானவரும் அந்த ஓர் எண்ணை நாள்தோறும் விசாரித்துத் தெரிந்துகொள்கிறார். ஆட்டத்தின் கணக்கோ சோற்றோடு சம்பந்தமில்லாதது. ஆனாலும் அதையும் நாம் விடுவதில்லை. எந்தப் பந்தில் யார் ஆட்டமிழந்தார், எத்தனையாவது நிமிஷத்தில் கோல் விழுந்தது என்றெல்லாம் பத்து வருஷத்துக்கு முந்திய செய்தியையும் மனப்பாடமாகச் சொல்லும் பிள்ளைகள் இந்தச் சபையிலேயே இருக்கிறார்கள். மூன்றாவதாக ஒரு கேள்வி உண்டு. நாம் வாக்களித்துச் சபைக்கு அனுப்பினோமே, அந்தப் பிரதிநிதி எத்தனை நாள் சபைக்குப் போனார், என்ன கேட்டார், அவர் கையெழுத்தால் செலவான பணம் எங்கே போயிற்று என்ற கேள்வி அது. அந்தக் கேள்வியைக் கேட்கும் தேநீர்க் கடையை நான் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறேன்.

ஆட்டக்களத்திலிருந்து சபைக்குப் போனவர் ஒருவரின் சரித்திரத்தை வைத்துக்கொண்டு அந்தக் கேள்வியை இன்று கேட்டுப் பார்க்கலாம் என்று நினைக்கிறேன்.

அப்படிப் போனவர்கள் நம் தேசத்தில் அநேகர். ஐந்து ஒலிம்பிக் பந்தயங்களில் துப்பாக்கி ஏந்திய பிக்கானீர் மன்னர் கர்ணி சிங் 1952 முதல் 1977 வரை மக்களவையில் இருந்தார். 1998-ஆம் ஆண்டு பாங்காக் ஆசிய விளையாட்டில் 800 மீட்டர், 1500 மீட்டர் இரண்டு ஓட்டங்களிலும் தங்கம் வென்ற ஜோதிர்மயி சிக்தர் 2004-இல் வங்காளத்துக் கிருஷ்ணாநகரிலிருந்து மக்களவைக்குச் சென்றார். மல்யுத்த வீராங்கனை வினேஷ் போகாட் 2024-இல் ஹரியானா சட்டசபையில் ஜுலானா தொகுதியின் அங்கத்தினரானார். இவர்கள் எல்லோருக்கும் முன்னோடியாக நின்றவர் ஜெய்பால் சிங் முண்டா. அவர் பெயரை இங்கே எத்தனை பேர் கேட்டிருக்கிறீர்களோ அறியேன், கேட்டிராவிட்டாலும் குற்றமில்லை, அவருடைய நாட்டிலேயே வெகுகாலம் மறந்திருந்தார்கள்.

1903-ஆம் ஆண்டு ஜனவரி 3-ஆம் தேதி, இன்றைய ஜார்க்கண்டில் குந்திக்கு அருகே, டக்ரா என்ற முண்டா பழங்குடிக் கிராமத்தில் பிறந்தவர் அவர். ராஞ்சியில் மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்த அந்தச் சிறுவனின் புத்திக்கூர்மையைக் கண்ட பாதிரியார் ஒருவர் அவரை இங்கிலாந்துக்கு அழைத்துச் செல்ல, ஆக்ஸ்ஃபோர்டில் செயின்ட் ஜான்ஸ் கல்லூரியில் பயின்று, ஹாக்கி ஆட்டத்தில் பல்கலைக்கழகத்தின் உயர்ந்த மரியாதையைப் பெற்று, ஐ.சி.எஸ். பரீட்சையிலும் தேறினார். 1928-இல் ஆம்ஸ்டர்டாம் ஒலிம்பிக்குக்கு இந்திய ஹாக்கி அணி புறப்பட்டபோது அவரே அதன் தலைவர். உத்தியோகப் பயிற்சியில் இருந்தவருக்கு விடுமுறை கிட்டவில்லை; கிட்டாமலே போனார்; திரும்பியபின், பயிற்சியை மீண்டும் ஓராண்டு செய் என்று மேலிடம் சொன்னதும், அந்த உத்தியோகத்தையே உதறினார் என்று அவருடைய சரிதத்தில் காண்கிறோம். தாலுகா கச்சேரிக் குமாஸ்தா வேலையையே குலதெய்வத்தின் வரமென்று கருதிய காலத்தில் ஐ.சி.எஸ். பதவியை ஒரு பந்துக்காகவும் ஒரு கோலுக்காகவும் துறந்தவர் என்றால், அந்த மனிதரின் சுபாவத்தை நீங்கள் ஊகித்துக்கொள்ளலாம்.

ஆம்ஸ்டர்டாமில் இந்திய அணி ஆடிய ஆட்டங்கள் 5; போட்ட கோல்கள் 29; எதிரணிகள் போட்டவை ஒன்றுமில்லை. மே மாதம் 26-ஆம் தேதி இறுதி ஆட்டத்தில் ஹாலந்தை 3-0 என்று வென்று, ஒலிம்பிக் ஹாக்கியில் நம் தேசம் முதல் தங்கத்தைப் பெற்றது. ஆனால், நண்பர்களே, அந்த இறுதி ஆட்டத்தில் அணித்தலைவர் ஆடவில்லை. அதற்கு முன்பே அவர் அணியை விட்டு விலகிவிட்டார். ஏன் விலகினார் என்பதற்கு இன்றுவரை ஒருவர் ஒன்று சொல்கிறார், மற்றொருவர் வேறொன்று சொல்கிறார். கோல்களின் கணக்கு ஏட்டில் துல்லியமாக இருக்கிறது. காரணத்தின் கணக்கு இல்லை. இந்தச் சிறு விஷயத்தை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பிறகு இதற்கு வருவேன்.

களத்தை விட்டு வந்தவர் எண்ணெய்க் கம்பெனியில் வேலை பார்த்தார். ஆப்பிரிக்காவில், இன்று கானா என்று வழங்கும் தேசத்தில், அச்சிமோட்டாக் கல்லூரியில் ஆசிரியராக இருந்தார். சமஸ்தான உத்தியோகமும் வகித்தார். கடைசியில் சொந்த மண்ணுக்குத் திரும்பி, 1939 ஜனவரியில் ராஞ்சியில் கூடிய ஆதிவாசி மகாசபைக்குத் தலைமை ஏற்றார். 1946-இல் பீஹாரிலிருந்து அரசியல் நிர்ணய சபைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். அவ்வாண்டு டிசம்பர் 19-ஆம் தேதி, நேருவின் குறிக்கோள் தீர்மானத்தின் மீது அவர் பேசிய பேச்சு அச்சில் இருக்கிறது. அந்தப் பெரும் சபையில் பழங்குடியினர் விரல்விட்டு எண்ணும்படி இருந்ததை அவர் மறைக்கவில்லை. காட்டுமிராண்டி என்று பிறர் சொல்லும் வசைச்சொல்லைத் தாமே எடுத்துத் தம் மார்பில் பதக்கமாகக் குத்திக்கொண்டார். ஜனநாயகத்தை ஆதிவாசிகளுக்கு நீங்கள் கற்பிக்க வேண்டியதில்லை, அவர்களிடமிருந்து நீங்கள் கற்கலாம் என்றார். இந்தச் சபையில் ஆண்கள் மிதமிஞ்சி இருக்கிறார்கள், பெண்கள் இன்னும் வேண்டும் என்றும் சொன்னார். அரசியல் சட்டத்தின் இந்தி வாசகத்தில் தம் மக்களை 'வனஜாதி' என்று குறிக்கலாகாது, 'ஆதிவாசி' என்ற சொல்லே வேண்டும் என்று மன்றாடினார். ஒரு சொல்லுக்காக ஏன் இவ்வளவு பிரயாசை என்று கேட்பவர்கள், தங்கள் பெயரைப் பிறர் தவறாக எழுதிய தஸ்தாவேஜைக் கையில் ஏந்தி ஆபீஸ் ஆபீஸாக அலைந்திராதவர்கள்.

அவருடைய பேச்சுகளில் நெல் விளையும் இந்த நாட்டார் அவசியம் அறியவேண்டியது ஒன்று உண்டு. 1948 நவம்பரில் மதுவிலக்கைப் பற்றிய ஷரத்து விவாதத்துக்கு வந்தபோது, சபையின் பெரும்பான்மை எந்தப் பக்கம் என்பது எல்லோருக்கும் தெரிந்ததே. ஜெய்பால் சிங் எழுந்து, நாள் முழுவதும் கொட்டும் மழையில் முழங்கால் சேற்றில் நின்று நாற்று நடும் சந்தால் பழங்குடிக் கூலியாளின் உடம்பை நினைத்துப் பாருங்கள், அரிசியில் வடிக்கும் அவனுடைய பானம் அவன் வழிபாட்டிலும் உழைப்பிலும் கலந்தது, அதைப் பிடுங்குமுன் அவன் நிலையை ஆராயுங்கள் என்ற கருத்தில் வாதாடினார். மதுவை ஆதரிப்பதற்காக இதை நான் எடுத்துச் சொல்லவில்லை. அந்த விஷயத்தில் என் அபிப்பிராயம் அவருடையதற்கு நேர் எதிர். ஆனால் சம்பா நடவின்போது நம் பெண்கள் விடியற்காலையில் வயலில் இறங்கி, முதுகு நிமிராமல், விரலிடுக்கெல்லாம் சேற்றுப்புண்ணோடு கரையேறுவதைப் பார்த்திருக்கும் எவரும், டில்லியின் உயர்ந்த மண்டபத்தில் அந்தச் சேற்றைக் கொண்டுவந்து வைத்த வாக்கை அலட்சியம் செய்ய முடியாது. எந்த வாதத்தை ஊரில் சொன்னால் கைதட்டலும் சபையில் சொன்னால் முகச்சுளிப்பும் கிடைக்குமோ, அதை இரண்டு இடத்திலும் ஒரே குரலில் சொன்னார். பகிரங்கத்தன்மை என்று இன்று நாம் பேசும் குணத்தின் முதற்படி இதுவே.

1950-இல் அவர் ஜார்க்கண்டு கட்சியை அமைத்தார். 1952-இல் நடந்த முதல் பொதுத்தேர்தலில் அக்கட்சி பீஹார் சட்டசபையில் 32 இடங்களை வென்று பிரதான எதிர்க்கட்சியாயிற்று. தலைவர் மக்களவை சேர்ந்தார். 1970 மார்ச் 20-ஆம் தேதி காலமாகும் வரையில் அங்கத்தினராகவே இருந்தார். அவர் கேட்டது ஆதிவாசிகளுக்குத் தனி மாகாணம். 1955-இல் மாநிலச் சீரமைப்புக் கமிஷன் அதை மறுத்துவிட்டது. அதன்பின் கட்சி மெலிந்தது. 1962-இல் சட்டசபை இடங்கள் 20 ஆகக் குறைந்தன. மறுவருஷம், 1963-இல், எந்தக் கட்சியை எதிர்த்துப் பதின்மூன்று ஆண்டுகள் வாக்குக் கேட்டாரோ அந்தக் காங்கிரசிலேயே தம் கட்சியைக் கொண்டுபோய் இணைத்தார். தொண்டர்கள் பலர் திகைத்தார்கள். சிலர் துரோகம் என்றார்கள். கட்சி பல துண்டுகளாகிப் பல பெயர்களில் பிழைத்தது. அவர் கேட்ட மாநிலம் 2000-ஆம் ஆண்டு நவம்பர் 15-ஆம் தேதி உதயமாயிற்று. அப்போது அவர் மறைந்து 30 ஆண்டுகள் கடந்திருந்தன.

ஆம்ஸ்டர்டாமை மறக்கவேண்டாம் என்று சற்றுமுன் கேட்டுக்கொண்டேன். அங்கே இறுதி ஆட்டத்துக்கு முன் களத்தை விட்டு அகன்றார். ராஞ்சியிலும், ஒரு வகையில், இறுதி ஆட்டத்துக்கு முன்பே அகன்றார். முன்னதில் அவருடைய அணி வென்றது. பின்னதில் அவர் வளர்த்த அணி சிதறியது. கட்சியை இணைப்பது ஒரு தலைவரின் உரிமை. அதற்குத் தக்க நியாயமும் இருந்திருக்கலாம். ஆனால் 32 தொகுதிகளில் காட்டுவழி நடந்து வந்து வாக்களித்த மக்களிடம் அந்த நியாயத்தை, அவர்கள் மனம் ஒப்பும்படி, வைத்தாரா என்பதே கேள்வி. பேச்சில் ஒளிவில்லாத மனிதர், விலகலில் மாத்திரம் ஒளிவுடையவராகிவிட்டார். வரவு செலவு இரண்டையும் எழுதினால்தான் அது பேரேடு. வரவை மட்டும் எழுதினால் வாழ்த்துமடல். ஜெய்பால் சிங்கிடம் எனக்குள்ள மதிப்பு பெரிது. அந்த மதிப்பினாலேயே இரண்டு பத்தியையும் உங்கள் முன் வைக்கிறேன்.

அவர் காலத்தில் பிரதிநிதியின் கணக்கைப் பார்க்க விரும்பியவனுக்குச் சபை நடவடிக்கைப் புத்தகமும் பத்திரிகையுமே கதி. இன்று அப்படியில்லை. வேட்பாளர் தம் சொத்து, கடன், படிப்பு, தம்மேல் உள்ள குற்றவழக்கு ஆகியவற்றைப் பிரமாணப் பத்திரத்தில் எழுதிக் கொடுக்கவேண்டும் என்பது 2002 மே மாதத்திலும் 2003 மார்ச்சிலும் உச்சநீதிமன்றம் அளித்த தீர்ப்புகளால் நமக்குக் கிடைத்த பாக்கியம். தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005 அக்டோபர் 12 முதல் அமலில் இருக்கிறது. அதற்கு எட்டாண்டு முன்னரே, 1997-இல், இந்தியாவிலேயே முதலாவதாக அப்படியொரு சட்டத்தை இயற்றியது நம் தமிழ்நாட்டுச் சட்டசபை. பத்து ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி, தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 6(1) பிரிவின் கீழ் ஒரு மனு எழுதிப் போட்டால், 30 நாளைக்குள் பதில் தர ஆபீஸ் கடமைப்பட்டிருக்கிறது. பாராளுமன்ற அங்கத்தினரின் தொகுதி மேம்பாட்டு நிதி 1993-இல் ஆளுக்கு 5 லட்சம் ரூபாயில் தொடங்கி, இன்று வருஷத்துக்கு 5 கோடியாக வளர்ந்திருக்கிறது. அந்தப் பணம் அங்கத்தினர் கைக்கு வருவதில்லை. அவர் சிபாரிசு செய்ய, ஜில்லா கலெக்டர் அனுமதி வழங்க, வேலை நடக்கிறது. எனவே எந்தத் தெருவுக்கு எந்த வருஷம் எவ்வளவு என்பது ஒரு கோப்பில் நிச்சயமாக இருக்கும். இருப்பதைக் கேட்பதற்கு ஆள் வேண்டும், அவ்வளவுதான்.

கணக்கு திறந்திருந்தால் புகழின் பிரகாசமும் கண்ணைக் கூசச் செய்யாது என்பதற்கு ஓர் உதாரணம் சொல்கிறேன். கிரிக்கெட் உலகத்துச் சக்கரவர்த்தியான சச்சின் டெண்டுல்கர், வாக்குப் பெற்று அன்று, நியமனத்தால், 2012-இல் மாநிலங்களவை அங்கத்தினரானார். ஆறு ஆண்டுகளில் அவருடைய வருகை பத்து நாளைக்கு ஒரு நாள் என்ற விகிதத்துக்கும் கீழே நின்றது. சபையிலேயே இதைப் பற்றி ஆட்சேபம் எழுந்தது. 2017 டிசம்பர் 21-ஆம் தேதி விளையாடும் உரிமை பற்றிப் பேச எழுந்தபோது, கூச்சலில் பேசமுடியாமல் நின்றார். அதே கணக்கில் மற்றொரு பத்தியும் உண்டு: நெல்லூர் ஜில்லாவில் புட்டம்ராஜு கண்ட்ரிகை என்ற கிராமத்தைத் தத்தெடுத்தார், பதவிக்காலம் முடிந்ததும் சம்பளமும் படியுமாக ஏறக்குறைய 90 லட்சம் ரூபாயைப் பிரதமர் நிவாரண நிதிக்கு அளித்தார். தராசின் எந்தத் தட்டு தாழ்ந்தது என்பதை நீங்களே தீர்மானிக்கலாம். வருகைப் பதிவு ஏடு ஒன்று இருந்ததனால்தானே, அவர் சதங்களை எண்ணிய அதே ஜனங்கள் அவர் வராத நாள்களையும் எண்ண முடிந்தது?

இப்படிக் கணக்குக் கேட்பதெல்லாம் மேல்நாட்டு நாகரிகம், நமக்குப் புதிது என்று ஒருவரும் எண்ணவேண்டாம். முதற் பராந்தக சோழன் காலத்தில், 919, 921 ஆகிய ஆண்டுகளில், உத்தரமேரூரில் கல்லில் வெட்டிய குடவோலைச் சாசனங்களைப் பாருங்கள். கிராம வாரியத்துக்கு ஓலை எழுதப்படவேண்டுமானால் கால்வேலிக்கு மேல் இறை செலுத்தும் நிலம் வேண்டும், சொந்த மனையில் வீடு வேண்டும், வயது 35-க்கு மேல் 70-க்குள் இருக்கவேண்டும் என்றெல்லாம் சொல்லிவிட்டு, முன்பு வாரியம் செய்து கணக்குக் காட்டாதவனும், அவனுடைய நெருங்கிய உறவினர் இன்னின்னாரும் தகுதியற்றவர் என்று முறைவைத்து எழுதியிருக்கிறார்கள். நிலமும் வேதக்கல்வியும் உடைய சிலருக்கே அந்த ஓலை கிட்டியது. உழுதவர்களுக்கு அதில் இடமில்லை. அந்தக் குறையை மூடிவைத்துப் பெருமை பேசுவது எனக்குச் சம்மதமன்று. ஆயினும், கணக்குக் காட்டாதவன் தானும் வரக்கூடாது, தன் மைத்துனனையும் அனுப்பக்கூடாது என்று ஆயிரத்துநூறு ஆண்டுகளுக்கு முன் சிந்தித்த மூளை நம்முடையது.

கல்வெட்டு வரைக்கும் போவானேன்? கடல் கடந்து பொருள் ஈட்டியவர்கள் நிறைந்து, சின்ன சிங்கப்பூர் என்று பெயரெடுத்த இந்த ஊரில், பள்ளிவாசல் கணக்காகட்டும், கோயில் திருவிழாக் கணக்காகட்டும், சபை கூட்டி வாசித்தாலொழிய ஜனங்கள் கலையமாட்டார்கள் என்பதை எனக்கு முன்னால் இருக்கும் பெரியவர்கள் அறிவார்கள். எண்ணெய்க்கு இவ்வளவு, பந்தலுக்கு இவ்வளவு, கையிருப்பு இவ்வளவு என்று வாசித்து முடிந்ததும், கடைசி வரிசையிலிருந்து ஒருவர் எழுந்து, பந்தலில் பத்து ரூபாய் உதைக்கிறதே என்று கேட்பார். அவரை நாம் சண்டைக்காரர் என்கிறோம். உண்மையில் அந்தக் கூட்டத்தில் அவரே பிரஜை.

இளைஞர்களே, விளையாடியவர் சபைக்குப் போனால் நல்ல பிரதிநிதி ஆவாரா என்று நீங்கள் கேட்கலாம். தசைவலிமை அதற்கு உதவாது, புகழும் உதவாது. உதவக்கூடியது ஒன்றே: தோற்றால் தோற்றேன் என்று ஆயிரம் பேர் எதிரில் பலகையில் எழுதப்படுவதைப் பார்த்து நின்ற பழக்கம். கபடிக்களத்தில் பிடிபட்டவன் வெளியே போய் உட்காருகிறான். நடுவரோடு வாதாடினாலும் எண் மாறுவதில்லை. அந்தப் பழக்கத்தைக் களத்திலேயே கழற்றிப் போட்டுவிட்டு மாலையை மட்டும் எடுத்துக்கொண்டு போகிறவரிடம் நீங்கள் ஏமாறவேண்டாம்.

களம் என்ற சொல்லுக்கு ஆட்டக்களம் என்றும் நெற்களம் என்றும் இரண்டு பொருள் உண்டு. நான் சிறுவனாயிருந்தபோது நெற்களத்தில் பொலி அளப்பதைப் பார்த்திருக்கிறேன். அளப்பவர் குனிந்து மரக்காலை நிரப்பி, தலைதட்டி, முதல் மரக்காலுக்கு 'ஒன்று' என்று சொல்லாமல் 'லாபம்' என்று உரக்கச் சொல்லித் தொடங்குவார். பிறகு இரண்டு, மூன்று என்று ஒவ்வொன்றையும் பாட்டுப் போல இழுத்துச் சொல்வார். அவர் மனத்துக்குள் எண்ணியிருந்தால் இன்னும் வேகமாக வேலை முடிந்திருக்கும். ஆனால் நிலக்காரரும் குத்தகைக்காரரும், கூலி நெல்லுக்கு முறத்தோடு காத்து நிற்கும் பெண்களும் காதாரக் கேட்கவேண்டும் என்பதற்காகவே அந்தக் குரல். நடுவில் ஒருவர் பேச்சுக் கொடுத்து எண் தவறிவிட்டால், அளந்த நெல்லை மறுபடி கொட்டி முதலிலிருந்து அளக்கச் சொல்லும் உரிமை களத்தில் நின்ற எல்லோருக்கும் இருந்தது. ஜெய்பால் சிங்கைப் போன்ற பெரியவரானாலும் சரி, நாளை உங்களில் ஒருவரே சபைக்குப் போனாலும் சரி, அளக்கிறவர் வாய்விட்டு எண்ணட்டும். களத்தை விட்டு நாம் வீட்டுக்குப் போய்விட்டால், அவர் யாருக்காக எண்ணுவார்?

நாளைக் காலை அந்தத் தேநீர்க் கடைக்கு மறுபடியும் போவேன். மேட்டூர் எவ்வளவு என்று பெரியவர் கேட்பார். ஸ்கோர் என்ன என்று பையன் கேட்பான். மூன்றாவது கேள்வியை நான் கேட்டுப் பார்க்கப் போகிறேன். பதில் சொல்ல உங்களில் யாராவது அங்கே வந்திருந்தால், தேநீர் என் செலவு.